பொதுத் தடத்தில் ஈரச் சாமியானா

சாவியை நுழைத்தாகிவிட்டது, திருப்புவதுதான் பாக்கி. திருப்பினால் நாலாவது தடவையில் பிடித்துக்கொள்ளும், இந்த நீல வேனைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை, முதல் தடவை இருமும், இரண்டாவது தடவை வாயே திறக்காது, மூன்றாவதில் கிளம்பிவிட்டது போல நம்ப வைத்துவிட்டு அணைந்துபோகும், நாலாவதில் ஒரு குலுங்கு குலுங்கி உயிர் வந்துவிடும். அப்புறம் சரிவில் மெல்ல இறக்கி, தெருவில் இடது பக்கம் ஒடித்து, கோடியில் இருக்கிற புங்க மரத்தடியில் விட்டுவிட்டு நடந்து வந்துவிடலாம். அவ்வளவுதான் வேலை. இதற்குப் போய் இவ்வளவு நேரமாக ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, பாத்திரக்கடை அம்சவேணிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று எதிர்வீட்டு மாடியிலிருந்து யாராவது பார்த்தால் சொல்வார்கள். சொல்லட்டும். எனக்கு ஒன்றும் ஆகாது. கல்யாணத்துக்கு அண்டா, சீருக்குத் தாம்பாளம், சாவுக்கு நாற்காலி என்று இந்தக் கணபதி வட்டாரம் முழுக்க வாடகைக்குக் கேட்டு என் வாசலில் வந்து நின்றிருக்கிறது. போனில் பேசுகிறவர் மூச்சு விடுகிற விதத்தை வைத்தே எத்தனை நாற்காலி ஏற்ற வேண்டும் என்று சொல்லிவிடுவேன், இதுவரை குறைந்ததும் இல்லை, மிஞ்சியதும் இல்லை. மனுஷரைப் படிப்பதில் எனக்குச் சறுக்கியது கிடையாது. சீட்டில் ரெக்சின் கிழிந்த இடத்தில் நார் தொடையைக் குத்துகிறது. டேஷ்போர்டில் என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது ஒட்டி வைத்த முருகன் வெயிலில் வெளுத்து, இப்போது வேல் மட்டும்தான் தெரிகிறது. அந்த வேலைப் பார்த்துக்கொண்டே திருப்பிவிடலாம். திருப்புகிறேன், இன்னும் கொஞ்சம் நேரமிருக்கிறது.

பக்கத்து வீட்டுக் கோமளாக்காவின் வீட்டைப் பார்க்க இன்றைக்கு ஆள் வருகிறார்கள். ஆடி முடியட்டும் என்று காத்திருந்தது போல ஆவணி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே கிளம்பி வருகிறார்கள். பிடித்துப் போனால் அட்வான்ஸ், அப்புறம் பத்திரம், அப்புறம் அக்கா பெங்களூரில் மகன் வீட்டில். என் வேன் நிற்கிற இந்த இடம் எனக்கு மட்டும் சொந்தமில்லை, இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு லாரி போகிற அகலத்துக்கு விட்டிருக்கிற பொதுத் தடம். அவளுடைய வீட்டுக்காரர் ரங்கராஜண்ணனும் என் வீட்டுக்காரரும் ஒரே மில்லில் வேலை பார்த்து, அடுத்தடுத்த மனையை வாங்கி, நடுவில் சுவர் வைத்து இடத்தை வீணாக்குவானேன், இரண்டு பேர் வண்டியும் உள்ளே போகிற மாதிரி தடமாக விட்டுவிடுவோம் என்று பத்திரத்திலேயே எழுதி வைத்தார்கள். ரங்கராஜண்ணன் போன பிறகு அக்கா காரை விற்றுவிட்டாள். கார் இல்லாதவளுக்குத் தடம் எதற்கு என்று என் வேன் கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கு வந்தது, வேனுக்குப் பின்னால் நாற்காலி அடுக்கு வந்தது, நாற்காலிக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்த அண்டாக்கள், அண்டாவுக்குப் பக்கத்தில் ஐஸ் பெட்டி. ஐஸ் பெட்டி என்றால் பிணத்தை வெளியூர்க்காரர்கள் வந்து சேருகிற வரைக்கும் கெடாமல் வைக்கிற கண்ணாடிப் பெட்டி, அதையும் நான்தான் வாடகைக்கு விடுகிறேன். என் பக்கத்துச் சுவரில் பாசி ஏறி எத்தனையோ மழையாகிறது. முருங்கை மரம் அவள் பக்கம் சாய்ந்து கம்பளிப்பூச்சியை உதிர்க்கிறது. அவள் ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை, விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்து பூச்சியைக் கூட்டி என் பக்கமே தள்ளிவிட்டு, இந்தா உன்ற சொத்து என்று சொல்லிவிட்டுப் போவாள். சுளித்தவர் புரோக்கர் மயில்சாமிதான். சித்திரையில் முதல் முதலாக வந்து, தடத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அம்மிணி, வீடு வாங்கறவன் வீட்டையா பாக்கறான்? பக்கத்து வீட்டைத்தானுங்க பாக்கறான். இந்த வேனு இங்க நிக்கற வரைக்கும் அந்தக்கா வீட்டுக்குச் சென்டுக்கு ஒரு லட்சம் கம்மிதானுங்க" என்றார். "அப்ப எம்பட வேனு பெரிய வெலையுள்ள வேனுன்னு சொல்லுங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை, அக்காதான் உள்ளே கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தாள், வளையல் சத்தம் கேட்டது.

முதல் தடவை நடந்ததற்கு நான் பொறுப்பே இல்லை, அதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன். முந்தின நாள் ஒரு காதுகுத்து, பந்தி நடுவில் கோடை மழை கொட்டி, சாமியானா தொப்பலாக நனைந்து வந்திருந்தது. நனைந்த துணியைச் சுருட்டி வைத்தால் பூசணம் பிடித்துவிடும், பிடித்துவிட்டால் எந்தச் சலவைச் சோடாவுக்கும் போகாது. அதனால் வழக்கம்போல என் வீட்டு மாடிக் கொக்கியிலிருந்து அவள் வீட்டு சன்ஷேடு கொக்கிக்குக் கயிறு இழுத்து, தடத்துக்கு மேலே விரித்துக் கட்டினேன், அந்தக் கொக்கிகளே அதற்காகத்தான் அடித்தது. நாற்காலியும் நனைந்திருந்தது, வரிசையாகப் போட்டுத் துடைத்தேன். அந்த நேரம் பார்த்து வீடு பார்க்கிற கார் தெரு முனையில் திரும்பியது. வெள்ளைக் கார், கண்ணாடிக்குள் பட்டுச்சேலை தெரிந்தது. திரும்பின கார் நின்றது, கொஞ்ச நேரம் அப்படியே நின்றது, பிறகு வந்த வழியே பின்னால் போய்விட்டது. மயில்சாமி போன் பண்ணி, குரலைத் தாழ்த்தி, "அம்மிணி, யாராச்சும் தவறிட்டாங்களா?" என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கினதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். வாசலில் சாமியானா, அதன் கீழே நாற்காலி, வாழை மரமும் இல்லை, மேளமும் இல்லை, சாயங்காலத் தூறலில் ஒரு பொம்பளை தலைகுனிந்து ஏதோ செய்துகொண்டிருக்கிறாள் என்றால் நம் ஊரில் எவன்தான் வேறு மாதிரி நினைப்பான். முதல் முதலாக வீடு பார்க்கக் கிளம்பி வந்த இடத்தில் சாவு வாசல், அப்புறம் அந்த வீட்டை இலவசமாகக் கொடுத்தாலும் தொட மாட்டார்கள். அது தானாக நடந்தது. இரண்டாவது தடவை சாமியானா அவ்வளவு ஒன்றும் ஈரமாக இல்லை, ஆனால் ஒரு மூலையில் சாம்பார் கொட்டியிருந்தது, கறை காயக் காயத்தானே போகும். மூன்றாவது தடவை ஐஸ் பெட்டியைக் கழுவினேன். கழுவ வேண்டிய பெட்டிதான், கழுவாமல் அடுத்த வீட்டுக்குக் கொடுக்கவா முடியும். அன்றைக்கு மயில்சாமி கூடவே வந்து, இது வாடகைப் பெட்டிங்க, காலிப் பெட்டிங்க, உள்ள ஒண்ணுமில்லீங்க என்று காருக்குப் பக்கத்தில் நின்று மன்றாடினார். காலியாகவே இருக்கட்டும், முதலில் கண்ணில் பட்டது அதுதானே என்று காருக்குள் இருந்த பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டார். நான் குழாயை மூடிவிட்டு உள்ளே போய்க் காபி போட்டேன். காபி நன்றாகவே இருந்தது, அக்காவுக்கும் ஒரு டம்ளர் கொண்டுபோய்க் கொடுத்தேன், அவள் எதுவும் கேட்கவில்லை, சர்க்கரை கம்மி என்று மட்டும் சொன்னாள்.

இப்போது திருப்பியிருக்கலாம், யோசனை எங்கேயோ போய்விட்டது. போன ஞாயிற்றுக்கிழமை நவநீதன் வந்தான். அக்காவின் ஒரே மகன், பெங்களூரில் பெரிய வேலை, என் மடியில் சோறு தின்ற பையன், இப்போது பேசினால் வார்த்தையை எடை போட்டுப் போட்டு வைக்கிறான். கோபமாக ஒரு சொல் கிடையாது, கோபமாக வந்திருந்தால் நான் பார்த்துக்கொண்டிருப்பேன், கோபக்காரர்களைக் கையாள்வது எனக்குப் பழக்கம். "அத்தை, அம்மாவுக்கு வயசாகுது. அங்க ஆஸ்பத்திரி கூப்படற தூரத்துல இருக்குது. இங்க ராத்திரியில ஏதாச்சும்னா யாரு இருக்கா?" என்றான். "நா இருக்கறேன் கண்ணு" என்றேன். அவன் லேசாகச் சிரித்தான், குத்துகிற சிரிப்பு இல்லை, நல்ல பையன். "உங்களுக்கு ஏதாச்சும்னா?" என்றான். அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை, அண்டா அடுக்கு சரியப் பார்க்கிறது என்று ஏதோ சொல்லிவிட்டு எழுந்து போனேன். திரும்பி வரும்போது அவன் காரில் பையை வைத்துக்கொண்டிருந்தான். அக்கா தடத்தில் நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்க்காமல், வேனின் முன் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு, "அடுத்த ஞாயித்துக்கெழமை ஆளு வருதாமா அம்சா, இந்த வண்டியக் கொஞ்சம் எடுத்துரு" என்றாள். சக்கரத்திடம் சொன்னது போல இருந்தது. சரிங்க்கா என்றேன். இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் எதையும் எடுக்கச் சொன்னதில்லை. கம்பளிப்பூச்சியை எடுக்கச் சொன்னதில்லை, ஐஸ் பெட்டியை எடுக்கச் சொன்னதில்லை. ஆகவே அவளுக்குப் போக வேண்டும். மகன் வீடு, பேரன், லிப்ட்டு வைத்த கட்டடம், யாருக்குத்தான் ஆசை இருக்காது. நான் ஒருத்தி சாமியானாவைக் கட்டிக் கட்டி அவள் வீட்டு விலையை இறக்கிக்கொண்டிருக்கிறேன் என்பது அவளுக்குத் தெரிந்துபோயிற்று, வாய் விட்டுத் திட்டாமல் வண்டியை எடு என்று மட்டும் சொன்னாள். உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன்.

உங்களுக்கு ஏதாச்சும்னா. எனக்கு ஒன்றும் ஆகாது, இரத்த அழுத்தம் கிடையாது, சர்க்கரை கிடையாது, நாற்காலியைப் பத்துப் பத்தாக அடுக்கித் தலைக்கு மேலே தூக்குவேன். ஆனால் ஏதாச்சும்னா. ஊரில் எந்த வீட்டில் உயிர் போனாலும் முதல் போன் எனக்குத்தான் வரும், மகளுக்குச் சொல்வதற்கு முன்னால்கூட எனக்குச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். எனக்கு ஏதாச்சும்னா யார் யாருக்குப் போன் பண்ணுவார்கள். பண்ணினால் என் போன்தானே அடிக்கும், உள்ளே மேஜை மேல் அடித்துக்கொண்டே இருக்கும். பெண் கரூரில் இருக்கிறாள், நல்லவள்தான், வாரத்துக்கு ஒரு தடவை பேசுகிறாள், அவள் வந்து சேர அரை நாளாவது ஆகும், அந்த அரை நாளுக்குத்தான் ஐஸ் பெட்டி. ஆனால் அந்தப் பெட்டியைப் பற்றி யாருக்குத் தெரியும். பிளக் தளர்ந்திருக்கிறது, காலண்டர் தாளை நாலாக மடித்து இடுக்கில் செருகினால்தான் கரண்ட் பிடிக்கும், அது எனக்கும் டிரைவர் வேலுச்சாமிக்கும் கோமளாக்காவுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். வேலுச்சாமி முகூர்த்த நாளில் மட்டும் வருகிறவன். தடத்துக் கோடியில் சாமான் வைக்கிற ஷெட்டுக்குச் சாவி இரண்டு, ஒன்று என் இடுப்பில், இன்னொன்று அக்கா வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் ஆணியில். புதிதாக வருகிறவர்களிடம் போய், வணக்கமுங்க, பக்கத்து வீட்டு அம்சவேணிங்க, நான் செத்துப்போனால் ஷெட்டைத் திறந்து நாற்காலியை எடுத்துப் போடுங்க, பிளக்குக்குத் தாள் செருகுங்க என்றா சொல்ல முடியும். அவர்கள் முதலில் செய்கிற வேலை நடுவில் சுவர் எழுப்புவதுதான். மயில்சாமி அதையும் சொல்லியிருக்கிறார், வாங்குகிறவர் பொதுத் தடத்தை அளந்து பாதியாகப் பிரித்துக் கேட்கிறாராம். பாதித் தடத்தில் வேன் நுழையாது. வேன் நுழையாத வீட்டில் பாத்திரக்கடை நடக்காது. அதை நான் சமாளித்துவிடுவேன், இரண்டு தெரு தள்ளி ஷெட் பிடித்துவிடுவேன், அந்த மாதிரி விஷயத்துக்கெல்லாம் நான் அசருகிறவள் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பல் தேய்க்கிற சத்தம் கேட்கும், அது அக்காவாக இருக்காது, அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று சொன்னதும் கண்ணாடி மங்குகிறது. வைப்பரைப் போட்டால் தெளியாது, மங்கினது என் கண், கண்ணாடி இல்லை. அழுகிறேன், அழட்டும், வேனுக்குள் யார் பார்க்கப் போகிறார்கள்.

பார்க்கப் போனால் நான் வேலையில் குறை வைக்கவில்லை. சொன்னதற்கு மேலேயே செய்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஆள் விட்டுப் பாசியைச் சுரண்டி இரண்டு கை சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது, முருங்கைக் கிளையை வெட்டியாகிவிட்டது, அண்டாவெல்லாம் ஷெட்டுக்குள், நாற்காலி பூராவும் ஷெட்டுக்குள், ஐஸ் பெட்டியை மேடைக்குப் பின்னால் கட்டுகிற மயில் படுதாவால் மூடி ஓரத்தில் தள்ளியாகிவிட்டது, பார்த்தால் ஊஞ்சலோ பியானோவோ என்று நினைப்பார்கள். நேற்று ராத்திரி வளைகாப்பிலிருந்து திரும்பி வந்த சாமியானா மட்டும் ஈரமாக ஷெட் வாசலில் சுருண்டு கிடக்கிறது, பூசணம் பிடித்தால் பிடிக்கட்டும், ஒரு சாமியானா போனால் போகிறது. யார் வழியிலும் குறுக்கே கிடந்து பிழைக்கிறவள் இல்லை அம்சவேணி. போகிறவர்களை மறித்து வைத்துக்கொண்டால் அது உறவா, கடன் கொடுத்தவன் வாங்கினவன் வீட்டு வாசலில் உட்காருகிறது போல ஆகிவிடாதா. சரி. முருகா. முதல் தடவை இருமியது. இரண்டாவது, வாய் திறக்கவில்லை. மூன்றாவது தடவை நின்று எரியப் போகிறது என்று நானே ஒரு நிமிஷம் நம்பிவிட்டேன், அணைந்தது. இதோடு விட்டுவிட்டு, பேட்டரி இறங்கிவிட்டது அக்கா, என்ன பண்ண என்று சொல்லலாம், யாரும் குற்றம் சொல்ல முடியாது. நாலாவது. குலுங்கியது, பிடித்துக்கொண்டது, கியர் விழுந்தது, ஹேண்ட் பிரேக் இறங்கியது. சரிவில் அது தானாகவே இறங்குகிறது, நான் வெறுமனே பிடித்துக்கொண்டிருக்கிறேன். தெருவில் இடது பக்கம் ஒடித்தேன். கண்ணாடியில் எங்கள் இரண்டு வீடும் பின்னால் போயின, இரண்டும் ஒன்றாகவே சின்னதாகின.

புங்க மரத்தடியில் விட்டுவிட்டுத் திரும்பி நடந்து வருகிறேன், செருப்பு ஒரு பக்கம் தேய்ந்திருப்பது இப்போதுதான் தெரிகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் தடம் வெறுமையாக இருக்கிறது, வேன் நின்ற இடத்தில் வட்டமாக ஆயில் கறை, அதைத் தவிர ஒன்றுமில்லை. அக்கா வீட்டை நான் இத்தனை நாளும் பக்கவாட்டில்தான் பார்த்திருக்கிறேன், எதிரே நின்று வாங்க வருகிறவளைப் போலப் பார்த்ததில்லை. நல்ல வீடு. வாசலுக்குக் கோலம், ஜன்னலுக்குப் பச்சைப் பெயிண்ட், சன்ஷேடில் ஒரு விரிசல் இல்லை, தெருவை விட இரண்டு படி உசரம், எவ்வளவு மழைக்கும் தண்ணீர் ஏறாது. நான் நகர்ந்ததும் அந்த வீட்டுக்கு விலை ஏறிவிட்டது, கண்ணால் பார்க்க முடிகிறது. மயில்சாமி சொன்னது சரிதான், பக்கத்து வீட்டைத்தான் பார்க்கிறார்கள். நானே வாங்குவேன் இந்த வீட்டை, கையில் இருந்தால். இன்றைக்கு முடிந்துவிடும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, இந்த மாதிரி விஷயத்தில் என் கணக்குத் தப்பியதே இல்லை. அட்வான்ஸ் வாங்கினதும் அக்கா சந்தோஷமாக இருப்பாள், நானும் சந்தோஷமாக முகத்தை வைத்துக்கொள்வேன், சாமான் கட்டுகிறதற்கு என் ஜமுக்காளத்தையே கொடுப்பேன். ஷெட் சாவியை வாங்கிக்கொள்ள வேண்டும். அதைக் கேட்கும்போது குரல் உடையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், மற்றது எல்லாம் சமாளித்துவிடுவேன்.

அக்கா வாசலில் வந்து நின்றாள். குளித்து, இஸ்திரி போட்ட காட்டன் சேலை கட்டி, கையில் காபி டம்ளரோடு. என்னைப் பார்க்கவில்லை, தடத்தைப் பார்த்தாள். ஆயில் கறையைப் பார்த்தாள். வெள்ளை அடித்த என் சுவரைப் பார்த்தாள். டம்ளரைப் படி மேல் வைத்துவிட்டு, முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

"வேனு எங்க?"

"மரத்தடியில உட்டுருக்கறனுங்க்கா."

"ஏன்?"

"நீங்கதானுங்க்கா எடுக்கச் சொன்னீங்க."

"எம் பையன் பக்கத்துல நிக்கறான், வேற என்னன்னு சொல்லுவேன்?" என்றாள். குரல் மெல்ல ஏறியது. "இத்தன வருசத்துல ஒரு நாளாச்சும் நா சொன்னதக் கேட்டிருக்கறயா நீ? பூச்சி வுழுகுது மரத்த வெட்டுன்னு சாடை மாடையா எத்தன தடவ சொல்லியிருப்பேன். கேக்காதவ, இன்னைக்கு மட்டும் எதுக்குக் கேட்டே?"

மூச்சை வைத்தே ஆளை எடை போடுகிறவள், நிலைவாசலில் மாட்டி வைத்த பூசணிக்காய் போல நிற்கிறேன்.

"அங்க அவன் வீடு பன்னெண்டாவது மாடி. போன தடவ போனப்ப ஜன்னல்ல எட்டிப் பாத்தேன், காரெல்லாம் வெறுங் கூரையாத் தெரியுது, ஒரு மூஞ்சி தெரியல. வரமாட்டேன்னு சொன்னா மருமவ மேல எனக்கு எதோ கோவம்னு நெனச்சுக்குவான். வீடு வித்தாப் பாக்கலாங் கண்ணுன்னு சொல்லிட்டேன். விக்கலைன்னா யாரு மேலயும் பழியில்ல பாரு." அவள் நின்று மூச்சு வாங்கினாள். "உன்ற வேன நம்பித்தான் புள்ள நா சரின்னே சொன்னேன்."

நான் அப்படியே படியில் உட்கார்ந்தேன். அவள் வைத்த காபி பக்கத்தில் ஆறிக்கொண்டிருந்தது. கதவுக்குப் பின்னால் கேட்ட வளையல் சத்தம், மூன்றாவது தடவை சர்க்கரை கம்மி என்றது, சக்கரத்தைப் பார்த்துப் பேசினது, எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து வேறு முகத்தைக் காட்டியது. இத்தனை பேரைப் படித்தேன், பக்கத்து வீட்டை மட்டும் படிக்காமல் விட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது, சந்தோஷம்தான் அதிகம்.

"வேனைத் திருப்பிக் கொண்டாந்தறட்டுங்களா?" என்று எழுந்தேன்.

"எங்க நேரமிருக்குது? அது நாலு தடவ இருமோணும்." அக்கா ஷெட் வாசலைப் பார்த்தாள். "சாமியானா ஈரமாத்தான இருக்குது?"

"ஈரந்தானுங்க்கா."

"அப்புறம்? பூசணம் புடிக்கறதுக்கா சுருட்டி வெச்சிருக்கறே?" என்றபடி இஸ்திரி போட்ட சேலையை இடுப்பில் தூக்கிச் செருகினாள். "ஒரு பக்கம் நா புடிக்கறேன், வா."

ஈரத் துணி கனத்தது, மக்கின பூ வாசம் வந்தது. என் கொக்கியில் நான் மாட்டினேன், அவள் ஸ்டூலில் ஏறி சன்ஷேடு கொக்கியில் மாட்டினாள், விழுந்துவிடப் போகிறாள் என்று எனக்குப் பயமாக இருந்தது, அதைச் சொன்னேன், வாயை மூடிக்கொண்டு இழு என்றாள். சாமியானா தடத்துக்கு மேலே தொங்கி, அதன் சிவப்பு நிழல் வெள்ளைச் சுவரில் விழுந்தது. அவள் தன் வீட்டுக்குள் போய்ச் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து சாவியை எடுத்து வந்து ஷெட்டைத் திறந்தாள், என் இடுப்பில் ஒன்று இருப்பது இரண்டு பேருக்குமே நினைவில்லை. நாற்காலிகளை இழுத்துப் போட்டோம். ஓரத்தில் மயில் படுதாவைப் பார்த்துவிட்டு, "அத எதுக்கு மூடி வெச்சிருக்கறே?" என்றாள். "அது வேண்டாங்க்கா, போதும்" என்றேன். "காத்தாடட்டும்" என்று ஒரு பக்கம் தூக்கிவிட்டாள், கண்ணாடியில் வெளிச்சம் பட்டது.

தெரு முனையில் ஒரு கார் திரும்பியது, சாம்பல் நிறம், புதுசு. திரும்பினதும் வேகம் குறைந்தது. நான் துடைக்கிற துணியைக் கையில் எடுத்துக்கொண்டேன். அக்கா முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, காரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முந்தானையை எடுத்து வாயில் அழுத்திப் பொத்திக்கொண்டாள், தலை குனிந்தது, தோள் இரண்டும் குலுங்கத் தொடங்கின. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் அது சிரிப்பு என்று தெரியும். கார் நின்றுவிட்டது. என் போன் அடித்தது, மயில்சாமி. எடுக்காமல் விட்டேன். ஒரு கையால் அக்காவின் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டு, இத்தனை சாவு வீட்டில் பார்த்த முகங்களில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டேன். அழுத்திப் பொத்தின துணிக்குள்ளிருந்து அவள் கேட்டாள்.

"போயிட்டாங்களா?"

"பேசாம இருங்க்கா," என்றேன், "இப்பத்தான் ரிவர்ஸ் போடறாங்க."